ஸ்கூட்டர் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

ரஞ்சனியும் பெலிண்டாவும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பெலிண்டாவின் போன் சூடு தாங்காமல் தானாக அணைந்துபோன நிமிடத்தில்.

இருவருக்கும் தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. ரஞ்சனி எக்ஸ்ரே எடுப்பவள். முப்பத்தாறு வயது. ஸ்ரீரங்கத்தில் கணவன் ரெங்கராஜோடு குடியிருந்தாள். பெலிண்டா முன்மேஜையில் பெயர் எழுதி டோக்கன் கொடுப்பவள். ரஞ்சனியைவிட ஏழு வயது சின்னவள். காட்டூரில் அம்மாவோடு இருந்தாள். ஒன்றரை மணியிலிருந்து இரண்டேகால் வரை அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். சாப்பிடப் பத்து நிமிடம் போதும். மீதி நேரம் முழுக்க ஆளுக்கொரு போனில் விளையாட்டுதான்.

முன்மேஜையில் யாரிடமும் குரலை உயர்த்தாத பெலிண்டா, போனுக்குள் துப்பாக்கியோடு இறங்கிவிட்டால் எதிரே வருகிறவன் பிழைக்க மாட்டான். ரஞ்சனிக்குச் சுடுவதில் ஆசையில்லை. அவளுக்கு லாரி வேண்டும். பெரிய டிரெய்லர் லாரியில் சரக்கேற்றிக்கொண்டு, மழையில், மலைப்பாதையில், பெயர் தெரியாத வெளிநாட்டு ஊர்களுக்குப் போய் இறக்க வேண்டும். நிஜத்தில் அவளிடம் இருந்த லைசென்ஸ் ஸ்கூட்டருக்கு மட்டும்தான்.

அன்றைக்கு பெலிண்டா கடைசி மூன்று பேரில் ஒருத்தியாக ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்தாள். போன் கறுத்துவிட்டது. அதைத் தயிர்சாத டப்பாவின் மூடிமேல் வைத்து ஆறவிட்டாள். திரும்ப உயிர் வந்தபோது, யாரோ ஒருவன் சும்மா நடந்துவந்து அவளைச் சுட்டுவிட்டுப் போயிருந்தான்.

“அக்கா, இனிமே போன்ல முடியாது,” என்றாள். “கம்ப்யூட்டர்தான்.”

போனஸும் கையிருப்புமாக ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் போட முடியும். அந்தத் தொகைக்கு உருப்படியான விளையாட்டுக் கம்ப்யூட்டர் வராது என்பதை இருவரும் ஏற்கெனவே தனித்தனியாக விசாரித்து, தனித்தனியாகச் சோர்ந்திருந்தார்கள். சேர்த்துப் போட்டால் ஐம்பதாயிரம். அதற்கு ஒன்று வரும். அந்த ஒன்று பதினைந்து நாள் ஸ்ரீரங்கத்தில் இருக்கட்டும், பதினைந்து நாள் காட்டூரில் இருக்கட்டும் என்றாள் ரஞ்சனி. அவள் வீட்டில் டி.வி. இருந்தது. பெலிண்டா வீட்டில் பழைய மானிட்டர் ஒன்று இருந்தது. ஆகவே போய்வர வேண்டியது பெட்டி மட்டும்தான். அதையும் ரஞ்சனியின் ஸ்கூட்டரில், கால்வைக்கும் இடத்தில் வைத்துக் கொண்டுபோய்விடலாம்.

வேலை முடிந்ததும் இன்ச் டேப்போடு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். வாட்ச்மேன் தமிழ்மணி, கேஸ் சிலிண்டர் ஏற்றப்போகிறார்களா என்று விசாரித்தார். கம்ப்யூட்டர் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து அங்குல உயரம், பதினான்கு அங்குல நீளம், எட்டு அங்குல அகலம். அதற்கு மேல் போனால் ஹேண்டில் திரும்பாது. பெலிண்டா அந்த மூன்று எண்களையும் ஒரு டோக்கன் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

தில்லை நகரிலேயே ஒரு குறுக்குத் தெருவில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஹஃப்ஸா கடை வைத்திருந்தாள். பாகங்களை வாங்கிவைத்து, கேட்கிறவர்களின் தேவைக்குத் தகுந்தபடி கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுப்பது அவள் தொழில். பெலிண்டாவின் வயதுதான் இருக்கும். இவர்கள் இருவரும் உள்ளே வந்து விளையாட்டுக் கம்ப்யூட்டர் என்றதும், பையன் எந்த கிளாஸ் படிக்கிறான் என்று கேட்டாள்.

“எங்களுக்குத்தாங்க,” என்றாள் ரஞ்சனி.

ஹஃப்ஸா நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, யார் யார் என்ன விளையாடுவீர்கள் என்று விவரமாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு பெலிண்டா அந்த டோக்கன் சீட்டை நீட்டினாள். ஹஃப்ஸா அதைப் படித்தாள். ஜன்னலருகே போய்க் கீழே நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தாள். திரும்பி வந்து, மாடிப்படிக்கு அடியில் வைக்கவும், சாமி அலமாரிக்குக் கீழே வைக்கவும் அளவு சொல்லிக் கேட்டு வாங்கியவர்கள் உண்டு, வண்டிக்கு அளவெடுத்து வந்தது இவர்கள்தான் முதல் என்றாள். அவளுக்கே இதில் உற்சாகம் பிறந்துவிட்டது என்பது தெரிந்தது. இரண்டு பேருக்கும் டீ சொன்னாள்.

விஷயத்தை அவள் நேராகச் சொன்னாள். பிராசஸர் கணக்குப் போடுகிற ஆள். கிராஃபிக்ஸ் கார்டு படம் வரைகிற ஆள். பெலிண்டாவின் துப்பாக்கி விளையாட்டில் எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதால் கணக்குப் போடுகிறவன் வேகமாக இருக்க வேண்டும். ரஞ்சனியின் லாரிக்கு மழையும் மலையும் அழகாகத் தெரிய வேண்டும் என்றால் வரைகிறவன் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். ஐம்பதாயிரத்துக்குள் இருவரில் ஒருவனுக்குத்தான் நல்ல சம்பளம் கொடுக்க முடியும். அல்லது இரண்டு பேருக்கும் நடுத்தரமாகக் கொடுத்துவிடலாம். ஹஃப்ஸா நடுத்தரமாகவே ஒரு பட்டியல் போட்டாள். எல்லாப் பாகங்களையும் உள்ளே வைக்கிற பெட்டியாகச் சின்ன கேபினட் ஒன்றையும் காட்டினாள். கறுப்பு நிறம், பக்கவாட்டில் கண்ணாடி. டோக்கன் சீட்டின் அளவுக்குள் அரை அங்குலம் மிச்சமாகவே அடங்கியது. இருவரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

திருப்தி மறுநாள் காலை பத்து மணி வரை தாங்கியது.

பத்தேகாலுக்கு ரஞ்சனி, இருட்டறைக்குள் நின்றுகொண்டு ஹஃப்ஸாவுக்குப் போன் செய்தாள். பிராசஸரில் ஒரு படி இறங்கி, அந்தப் பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போட முடியுமா, பெலிண்டா சின்னப் பெண், வித்தியாசம் தெரியாது என்றாள். பத்து நாற்பதுக்கு பெலிண்டா, மாடிப்படியில் நின்றுகொண்டு போன் செய்தாள். கார்டில் ஒரு படி இறங்கி, பிராசஸரில் ஒரு படி ஏற முடியுமா, அக்காவுக்கு லாரி ஓடினால் போதும், எப்படித் தெரிந்தாலும் சந்தோஷப்படுவார் என்றாள்.

பதினொரு மணிக்கு ஹஃப்ஸா வாட்ஸாப்பில் மூன்று பேரும் உள்ள ஒரு குரூப் ஆரம்பித்தாள். முதல் செய்தியிலேயே இரண்டு போன் கால்களையும், நேரத்தோடு, ஒரு வார்த்தை விடாமல் எழுதிவிட்டாள். ‘இனி எதுவா இருந்தாலும் இங்கயே பேசிக்குங்க. நான் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்க முடியாது’ என்று முடித்திருந்தாள்.

ரஞ்சனி அப்போது ஒரு பெரியவரிடம் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். போன் வெளிச்சம் போட்டது. ஒரு நொடி பார்த்தவள், இன்னொரு நொடி பார்த்தாள். பெரியவர் அதற்குள் பொறுக்கமுடியாமல் மூச்சை விட்டுவிட்டார். பட்டனை அழுத்தவில்லை என்பதால் பாதகமில்லை. மன்னிப்புக் கேட்டு மறுபடியும் பிடிக்கச் சொன்னாள். படத்தை எடுத்துக்கொண்டு முன்மேஜைக்குப் போனபோது பெலிண்டா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் ரஞ்சனிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்தார்களே தவிர விட்டுக்கொடுக்கவில்லை. பத்து நாள் குரூப்பில் வாதாடினார்கள். பெலிண்டா எங்கிருந்தோ வீடியோக்களைத் தேடிப்பிடித்து அனுப்பினாள். ரஞ்சனி பதிலுக்கு, மழை நின்ற ரோட்டில் லாரியின் விளக்கு பளபளக்கும் படங்களை அனுப்பினாள். அந்தப் பத்து நாளில் ரேம் விலை ஏறியது. கம்ப்யூட்டர் ஒரே சமயத்தில் எத்தனை விஷயத்தை நினைவில் வைத்திருக்கும் என்பது அந்தச் சின்னப் பட்டையைப் பொறுத்தது. அது இல்லாமல் ஒன்றும் ஓடாது. காலையில் ஒரு விலை, மறுநாள் இன்னொரு விலை. இந்த ஊரில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் ஏறுகிறது, நான் ஏற்றவில்லை என்று ஹஃப்ஸா குரூப்பில் போட்டாள். பதினோராம் நாள் கூட்டிப்பார்த்தபோது பட்டியல் ஐம்பத்தைந்தாயிரத்துக்குப் போயிருந்தது.

இருவரும் மறுபடி கடைக்கு ஓடினார்கள். எதையாவது வெட்ட வேண்டும். உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கு எதற்கு இவ்வளவு விலை, மலிவாக ஒன்று போட்டால் என்ன என்று பெலிண்டா கேட்டாள்.

“அதுல மட்டும் கை வைக்காதீங்க,” என்றாள் ஹஃப்ஸா. “அது போச்சுன்னா தனியா போகாது. எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுத்தான் போகும்.”

மீதியிருந்த வழி, கிராஃபிக்ஸ் கார்டைப் பழையதாக வாங்குவது. ஹஃப்ஸாவிடம் பழையது இல்லை. வெளியில் வாங்கினால் தன்னால் பொறுப்பேற்க முடியாது, ஆனால் எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லித்தருகிறேன் என்றாள். மூன்று விஷயம். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். விசிறிகளில் கரகரப்பு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். யாராவது பிரித்து மூடிய கார்டா என்று திருகாணிகளின் தலையைப் பார்க்க வேண்டும்.

விளம்பரங்களைத் துழாவியதில் மணப்பாறையில் ஒன்று கிடைத்தது. அவர்கள் நினைத்ததைவிட ஒரு படி உசத்தியான கார்டு. விலையும் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. விற்பவர் பெயர் பிச்சமுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினார்கள்.

பிச்சமுத்து மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தவிட்டு மூட்டைகளைத் தாண்டிப் போனால் பின்னால் திரை போட்ட ஒரு அறை. அதற்குள் அவருடைய கம்ப்யூட்டர். தூசி படாதா என்று ரஞ்சனி கவலையோடு கேட்டாள். வாரம் ஒருமுறை சைக்கிள் பம்ப்பால் ஊதிவிடுவதாகச் சொல்லி, பெட்டியைத் திறந்து கார்டைக் காட்டினார். அவர் சட்டையைவிட அது சுத்தமாக இருந்தது. இதைவிடப் பெரிய கார்டு ஒன்றை அவர் வாங்கி வைத்திருந்தார். பழையது வெளியே போனால்தான் புதியது டப்பாவைவிட்டு வெளியே வரலாம் என்று அவர் மனைவி சந்திரம்மாள் சொல்லிவிட்டாராம். ஏற்கெனவே மூன்று பேர் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவருக்கும் அவர் கொடுக்கவில்லை.

“வாங்கி இன்னொருத்தனுக்கு விக்கிற ஆளுங்கம்மா அவங்க,” என்றார். “நான் விளையாடுற ஆளுக்குத்தான் தருவேன். உங்கள்ல யாரு விளையாடுறது?”

இரண்டு பேரும்தான் என்று பெலிண்டா சொன்னாள். பிச்சமுத்துவுக்கு அதில் முழு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. அவரும் லாரி விளையாட்டுக்காரர் என்பது அப்போதுதான் தெரிந்தது. மேஜையில் நிஜ ஸ்டீயரிங் போல ஒன்றைத் திருகிப் பொருத்தி வைத்திருந்தார். தரையில் பெடல்கள். ரஞ்சனி அதைப் பார்த்த பார்வையை பெலிண்டா பிற்பாடு பல பேரிடம் நடித்துக் காட்டியிருக்கிறாள்.

கார்டை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும், அதை விளையாடியே ஓட்டுவோம் என்றார் பிச்சமுத்து. நீளமான டிரெய்லர் ஒன்றை ஒரு குடோன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, பின்பக்கமாக உள்ளே விடச் சொன்னார். இருபுறமும் சுவர். இதைப் பழக தனக்கே மூன்று வாரமாயிற்று, சுவரில் இடித்தாலும் பரவாயில்லை என்று தைரியம் சொன்னார்.

ரஞ்சனி முதல் தடவை இடது சுவரில் இடித்தாள். இரண்டாம் தடவை வலது சுவரில். பிறகு ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, கண்ணை மூடி, எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருக்கும் ஒடுக்கமான நடையை நினைத்துக்கொண்டாள். அதில் தினமும் ஸ்ட்ரெச்சரைப் பின்னுக்கு இழுத்து வளைக்கிறவள் அவள். பின்பக்கம் இடதுக்குப் போக வேண்டுமென்றால் முன்பக்கத்தை வலதுக்குத் தள்ளுவாள். எட்டு வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலை. மூன்றாம் தடவை டிரெய்லர் மெதுவாக வளைந்து, இரண்டு சுவருக்கும் நடுவில் நேராகப் போய் நின்றது.

 பிச்சமுத்து கடைக்குள் திரும்பி, சந்திரம்மாளைக் கூப்பிட்டு இரண்டு டம்ளர் மோர் கொண்டுவரச் சொன்னார்.

இதற்குள் பெலிண்டா காதைப் பெட்டியோடு ஒட்டி விசிறிகளைக் கேட்டுவிட்டாள். திருகாணிகளையும் செல்போன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டாள். இனி விலை. முன்மேஜையில் தினமும் தள்ளுபடி கேட்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து, எது பலிக்கும் எது பலிக்காது என்பது அவளுக்கு மனப்பாடம். சண்டை போடுகிறவர்களுக்குப் பத்து பைசா குறையாது. ஒன்றும் பேசாமல், கையிலிருக்கும் பணத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறவர்களுக்குத்தான் டாக்டரே இரங்கிவருவார். அவள் அதைச் செய்தாள். ஆயிரத்தைந்நூறு குறைந்தது. பிச்சமுத்து கார்டைப் புதுத் தீவனப் பையொன்றில் சுற்றிக் கொடுத்து, ஊர் போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கள் என்றார். திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொள்ள ஆளுக்குப் பாதித் தூரம் என்று பிரித்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஹஃப்ஸா பையைப் பிரித்தாள். கார்டை எடுத்து, திருப்பி, நுகர்ந்துகூடப் பார்த்தாள். நல்ல சாமான் என்றாள். ரஞ்சனிக்குப் பெருமை தாங்கவில்லை. மதர்போர்டு, பிராசஸர், ரேம் எல்லாம் ஏற்கெனவே அந்தச் சின்ன கேபினட்டுக்குள் உட்கார்ந்திருந்தன. கார்டு மட்டும்தான் பாக்கி. ஹஃப்ஸா அதை உள்ளே இறக்கினாள். இறங்கவில்லை. சாய்த்து இறக்கினாள். அப்படியும் இறங்கவில்லை.

மூன்று விசிறி வைத்த கார்டு அது. விளம்பரத்தில் நீளம் போட்டிருந்தது. இரண்டு பேரும் விலையைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், அதைப் பார்க்கவில்லை. ஹஃப்ஸாவும் கேட்க மறந்துபோனாள், அதற்காக இரண்டு முறை வருத்தம் தெரிவித்தாள். இரண்டு விரல் அகலம்தான் இடிக்கிறது. ஆனால் இடிக்கிறது.

பெரிய கேபினட் இருக்கிறது என்று ஹஃப்ஸா ஒன்றைக் காட்டினாள். விலையில் பெரிய வித்தியாசமில்லை. அதில் எல்லாம் தாராளமாகப் பிடிக்கும். ஆனால் அதை ஸ்கூட்டரில் வைத்தால் ஓட்டுகிறவர் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். மாதம் இரண்டு தரம் ஆட்டோ வைத்துக் கொண்டுபோய்வருவதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நடக்கிற காரியமில்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும். பெரிய பெட்டி என்றால் ஒரே வீட்டில்தான் இருக்கும். யார் வீட்டில்?

பெலிண்டா கேபினட்டின் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள். “உங்க வீட்லயே இருக்கட்டும்க்கா. நீங்கதானே ரிவர்ஸ் எடுத்து வாங்கினீங்க.”

அதைக் கேட்டதும் ரஞ்சனிக்கு ஒரு கணம் உள்ளுக்குள் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் வந்ததற்காக அடுத்த கணமே வெட்கமாக இருந்தது. வேண்டாம், உன் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லத்தான் நினைத்தாள். சொன்னால் அதுவும் பொய்யாகத்தான் ஒலிக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். ஹஃப்ஸா, யோசித்துச் சொல்லுங்கள் என்று கார்டைத் திரும்பப் பையில் போட்டாள்.

இரண்டு நாள் அவர்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மத்தியானம் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள். ஆனால் யாரும் போனை எடுத்து விளையாடவில்லை. பெலிண்டா ஊறுகாயை நகர்த்தி வைத்தாள். ரஞ்சனி தேங்க்ஸ் என்றாள். எட்டு வருடத்தில் அவள் பெலிண்டாவுக்கு தேங்க்ஸ் சொன்னதே இல்லை. வீட்டில் ரெங்கராஜ் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, கார்டு நீளமாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள். அவன் பம்ப்செட் கடையில் வேலை செய்கிறவன். நீளமான குழாயை அறுத்துவிடலாமே என்றான்.

புதன்கிழமை மத்தியானம் கூன் விழுந்த ஒரு அம்மாள் கழுத்து எக்ஸ்ரேவுக்கு வந்தார். படுக்கவைத்தால் தலை சட்டத்துக்குள் வரவில்லை. கொஞ்சம் கீழே நகர்த்தினால் தோள் வெளியே போயிற்று. ரஞ்சனி வழக்கம்போலத் தலையணையை உருவி எடுத்தாள். எல்லாம் அளவாகச் சட்டத்துக்குள் வந்தது. படமெடுத்து, அந்த அம்மாளைக் கைபிடித்து எழுப்பி உட்காரவைத்துவிட்டு, அவள் நேரே முன்மேஜைக்குப் போனாள்.

“பெலிண்டா, தலகாணிய எடுத்துட்டா போதும்,” என்றாள்.

எந்தப் பேஷண்ட்டுக்கு என்று பெலிண்டா டோக்கன் நோட்டைப் புரட்டினாள்.

“பேஷண்ட் இல்லடி. கேபினட். முன்னாடி ஒரு ஃபேன் இருக்குல்ல, காத்து உள்ள இழுக்கிறது. அது ரெண்டு விரல் தடிமன்தான் இருக்கும்.”

பெலிண்டா நோட்டை மூடினாள். அன்றைக்கு ஐந்தரை மணி ஆவதற்கு வெகு நேரம் பிடித்தது.

கடையில் அதைக் கேட்டதும் ஹஃப்ஸா முதலில் தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். பிறகு நான்கு திருகாணிகளைக் கழற்றி அந்த விசிறியை எடுத்தாள். கார்டைச் சாய்த்து இறக்கினாள். அது உள்ளே போய், இடத்தில் உட்கார்ந்து, டக்கென்று ஒரு சத்தம் கொடுத்தது. முன்பக்கத் தகட்டுக்கும் கார்டுக்கும் நடுவே பெலிண்டாவின் சுண்டுவிரல் நகம் போகிற அளவுக்கு இடம் இருந்தது. காற்றுக்கு என்ன செய்வது என்று ரஞ்சனி கேட்டாள். மேலே துளைகள் இருந்தன. கழற்றிய விசிறியை ஹஃப்ஸா அங்கே மாட்டி, சூட்டை வெளியே தள்ளும்படி திருப்பி வைத்தாள். இரண்டு விளையாட்டையும் ஏற்றி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடு எவ்வளவு என்று பத்து நிமிடத்துக்கொரு தரம் பார்த்தார்கள். பரவாயில்லை, இரண்டு டிகிரி கூடுதல், அவ்வளவுதான் என்றாள். மொத்தச் செலவு நாற்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். முதல் பதினைந்து நாள் யாருக்கு என்பதற்கு ஹஃப்ஸா காசு சுண்டினாள். ரஞ்சனிக்கு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெட்டியை ஸ்கூட்டரில் ஏற்றினார்கள். பயணத்தின்போது கார்டு கனத்தில் ஆடி உடையும் என்பதால் ஒவ்வொரு முறையும் கழற்றிவிட வேண்டும் என்பது ஹஃப்ஸாவின் கண்டிப்பு. அதைத் தீவனப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு பெலிண்டா பின்னால் உட்கார்ந்தாள். ரஞ்சனி கால்களைப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் வைத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனாள். சைக்கிள்கள் அவர்களை முந்தின.

அண்ணா சிலை சிக்னலில் ஒரு பெண் போலீஸ் கை காட்டி ஓரம் கட்டச் சொன்னார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். கம்ப்யூட்டர் என்று ரஞ்சனி சொன்னாள்.

“கட்டாம கொண்டு போறீங்களே. பிரேக் போட்டா இது முன்னாடி போகும், நீங்க பின்னாடி போவீங்க.”

பெலிண்டா துப்பட்டாவை அவிழ்க்கப்போனாள். அது சக்கரத்தில் மாட்டும், வேண்டவே வேண்டாம் என்று அவரே தடுத்து, ரோட்டோரம் பூ விற்கிற அம்மாளிடம் கூடை கட்டுகிற கயிறு கேட்டு வாங்கிவந்தார். முன்பக்கப் பை மாட்டும் கொக்கிக்கும் சீட்டுக்குமாகப் பெட்டியை இறுக்கிக் கட்டினார். மடியில் என்ன என்று பையைக் காட்டிக் கேட்டார். இதுதான் படம் வரைகிறது, இது போனால் எல்லாம் போச்சு என்று பெலிண்டா விளக்கினாள். அவர் சிக்னலைப் பார்த்தார். பச்சை விழுந்திருந்தும் மற்ற வண்டிகளை இரண்டு நொடி நிறுத்திவைத்து இவர்களை முதலில் விட்டார்.

காவிரிப் பாலத்தில் இணைப்பு வருகிற இடமெல்லாம் ரஞ்சனி வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி நிறுத்தி ஏற்றினாள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து அடித்துச் சலித்துப்போய், சும்மா வந்தது.

வீட்டில் ரெங்கராஜ் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். இவர்கள் உள்ளே வந்ததும் மறுபேச்சில்லாமல் ரிமோட்டை ஒப்படைத்துவிட்டு நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டான். கார்டை மாட்டினார்கள். வயர்களைச் சொருகினார்கள். பட்டனை அழுத்தியதும் விசிறிகள் சுற்றின, விளக்கு எரிந்தது. டி.வி.யில் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்று வந்தது.

அணைத்து மறுபடி போட்டார்கள். அதேதான். பாலத்தில் குலுங்கியதில் ஏதோ விட்டுப்போயிற்று என்றாள் பெலிண்டா. குலுங்கவே விடவில்லையே, மடியில் வைத்திருந்தபோது நீதான் அழுத்திவிட்டாய் என்றாள் ரஞ்சனி. பெலிண்டாவின் கண் கலங்கிவிட்டது. அவள் ஹஃப்ஸாவுக்கு வீடியோ கால் போட்டாள். பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னாள் ஹஃப்ஸா. காட்டினார்கள்.

“டி.வி. வயரை ஏன் மேல சொருகியிருக்கீங்க? அது மதர்போர்டோடது. படம் வரையறவன் கீழ இருக்கான். அவன்கிட்டயிருந்துதானே படம் வரணும்?”

ரஞ்சனி வயரை ஒரு சாண் கீழே மாற்றினாள். டி.வி. முழுக்க வெளிச்சம் பரவியது. ரெங்கராஜ், இவ்வளவுதானா என்றான்.  ரஞ்சனி பெலிண்டாவின் கையைப் பிடித்து நாற்காலிக்கு இழுத்து, முதலில் நீ உட்கார் என்றாள். பெலிண்டா, காசு உங்களுக்குத்தானே விழுந்தது என்று அவளையே உட்காரவைத்தாள்.

லாரி குடோனைவிட்டு வெளியே வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக வழிந்ததை ரஞ்சனி வாயைத் திறந்தபடி பார்த்தாள். பார்த்துக்கொண்டே வழக்கம்போல இடதுபக்கம் ஏறி ஓட்டினாள். அது வலதுபக்கம் ஓட்டுகிற நாடு. எதிரே வந்த லாரி விளக்கைப் போட்டு அலறியது. வலது, வலது என்று பெலிண்டாவும் ரெங்கராஜும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். ஒரு பாலத்தின் கைப்பிடியை உரசி, ஒரு பெயர்ப்பலகையைச் சாய்த்து, ஜன்னல் கண்ணாடிச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பதினோரு சதவீதம் சேதம் என்று கழித்துக்கொண்டு மீதிக் கூலி வந்தது. ரெங்கராஜ் நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து முன்னே இழுத்துப் போட்டு, அடுத்த ஊருக்கு என்ன ஏற்றலாம் என்று கேட்டான்.

அடுத்தது பெலிண்டா என்று ரஞ்சனி எழுந்துகொண்டாள்.

ரெங்கராஜுக்கு பெலிண்டா தங்கை மாதிரி. வா, போ, சாப்பிட்டியா என்றுதான் பேசுவான். பெலிண்டா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். மௌஸை இரண்டு தரம் அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு ஏழு நிமிடம் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கூரைமேல் இருந்தவன், கதவுக்குப் பின்னால் இருந்தவன், காரில் தப்பிக்கப் பார்த்தவன் என்று வரிசையாகப் பதினான்கு பேரைச் சாய்த்துவிட்டு, கடைசியாக நின்ற ஒருவனை, அவன் துப்பாக்கியில் குண்டு மாற்றுகிற நேரம் பார்த்து முடித்தாள். முகத்தில் ஒரு சலனம்கூட இல்லை. முதலிடம் என்று திரையில் வந்ததும், ரஞ்சனியைத் திரும்பிப் பார்த்து, “பிராசஸர் பரவாயில்லக்கா,” என்றாள்.

ரெங்கராஜ் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்து தோசைக்கல்லைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் கதவோரம் வந்து நின்று, பெலிண்டாவிடம் கேட்டான்.

“உங்களுக்கு முறுகலா ஊத்தவா, இல்ல மெத்துனு வேணுங்களா?”